நாற்பத்தோராவது மூட்டை

அத்தியாயம் ஏழு

சிகாமட் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அரிசிக் கிட்டங்கியில் நாற்பத்தோரு மூட்டையைக் காணோம். எடுத்தது நான்தான் என்று அங்கே வேலை பார்க்கிற கிருஷ்ணம்மா ஒப்புக்கொண்டும் விட்டாள். சாயங்காலம் ஜப்பான் ராணுவப் போலீஸான கெம்பித்தாயின் லாரி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். அந்த லாரியில் ஏறின எவனும் திரும்பி வந்து சௌக்கியம் சொன்னதாக ஊரில் பேச்சில்லை.

ஆக, கேஸ் முடிந்த மாதிரிதான். விசாரித்துச் சொல்லும்படி மேனேஜர் மசூதா கூப்பிட்டனுப்பியிருந்த வாலண்டைனுக்குத்தான் முடியவில்லை.

"நாப்பத்தோரு மூட்டையும் நீயா எடுத்தே?"

"ஆமாங்கய்யா."

"எப்படிம்மா தூக்கினே?"

"தலையிலதான்."

"எங்க கொண்டுபோய் வச்சே?"

"தெரியலீங்க."

"என்னைக்கி எடுத்தே?"

"நீங்களே ஒரு நாளப் போட்டு எழுதிக்குங்கய்யா."

மிரட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. கிட்டங்கி மூலையில் காலி சாக்குகளின் மேல் கையைக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பொம்பிளை மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இதவிட நல்ல சாட்சி நமக்குக் கெடைக்காது" என்றான் ஐயாசாமி. "கேள்விய நாமளே கேட்டு, பதிலயும் நாமளே எழுதிக்கச் சொல்றாங்க. எங்க பள்ளிக்கூடத்துல இப்படி விட்டிருந்தா நான் கவர்னர் ஆகியிருப்பேன் லா."

"நீ சும்மா இரு."

ஐயாசாமியால் சும்மா இருக்க முடியாது. யுத்தத்துக்கு முன்னால் அவன் ஸ்டேஷனில் போர்ட்டர். வாலண்டைன் ரயில்வேயில் நஷ்ட இன்ஸ்பெக்டர். ஏற்றின சரக்கு பத்து, இறங்கின சரக்கு ஒன்பது என்றால், நடுவில் ஒன்று எங்கே போனது என்று கண்டுபிடிப்பதுதான் வாலண்டைனுக்குச் சம்பளம். ஜப்பான்காரன் வந்ததும் சம்பளம் போயிற்று, பிறகு மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கமும் உடைந்து போயிற்று. அதனால் எங்கே போனாலும் ஐயாசாமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவார். 'ஐயாவுக்கு ஒரு கண்ணு குறைச்சல், எனக்கு ஒரு கால் குறைச்சல், ரெண்டும் சேர்ந்தா ஒரு முழு ஆளு' என்று ஐயாசாமி சொல்லிக்கொண்டு திரிவான். அந்தக் குட்டைக் கால்தான் அவனைக் காப்பாற்றியது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அவன் தம்பி வேலுவை வண்டியில் ஏற்றினார்கள். கிருஷ்ணம்மாவின் புருஷன் சதாசிவமும் அதே வண்டியில்தான் போனார்.

அதெல்லாம் போன வருஷம். இப்போது ஜப்பான்காரன் காலண்டரில் 2604, நம் கணக்கில் 1944. வேள்வி நடத்தினாலும் அரிசி கிடைக்காத வருஷம். ஊர் முழுக்க மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு ஊதிக் கிடந்தது.

ஐயாசாமி வாலண்டைனிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. போன மாசம் கிருஷ்ணம்மா அவனுக்கு ஆள் விட்டாள். 'தலைக்குக் குளிச்சிட்டு லயத்து வீட்டுக்கு வா' என்று. போனால் வெள்ளைச் சோறு! ஆவி பறக்க இலையில் கொட்டினாள். லயத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வாய் திறக்காமல் தின்றார்கள். இவன் இரண்டு தரம் வாங்கித் தின்றான். 'என்னக்கா விசேஷம்?' என்று கேட்டதற்கு, 'சும்மாதான், தின்னு' என்றாள். எழுந்ததும், வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசவிடாமல் எல்லாரையும் விரட்டிவிட்டாள். கள்ள அரிசி, பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

திருடின சோற்றில் இவனுக்கும் பங்கு உண்டே. வாயைத் திறந்தால் அவள் கழுத்துக்குக் கயிறு. மூடினாலும் சாயங்காலம் லாரி. அந்த அவஸ்தையில்தான் அவன் வழக்கத்தைவிட அதிகமாகத் தமாஷ் பேசிக்கொண்டிருந்தான்.

"வாடா, பூட்டைப் பார்ப்போம்" என்றார் வாலண்டைன்.

கிட்டங்கிக்குக் கதவு இரண்டு. முன் கதவில் காவல்காரச் சிப்பாய். பின் கதவு வண்டிப்பேட்டைப் பக்கம். மூட்டை வெளியே போவது அந்த வழியாகத்தான். பின் கதவில் புதுப் பூட்டு பளபளத்தது.

"பழைய பூட்டு என்ன ஆச்சு?"

"வெள்ளத்துல போச்சு" என்றான் ஐயாசாமி. "ஆத்துத் தண்ணி கதவையே ஒடைச்சிடுச்சு. ஒரு வாரம் கதவு 'ஆ'ன்னு தொறந்தே கெடந்துச்சு. காவலுக்கு இருந்த சிப்பாய்கூட முழங்கால் தண்ணியில நிக்க முடியாம ஸ்டேஷன் மாடியில போய்ப் படுத்துக்கிட்டான்."

"மசூதா ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அடுக்கை எண்ணுறான். அந்த வாரம் எத்தனை குறைஞ்சுது தெரியுமா?"

"அள்ளிக்கிட்டுப் போயிருப்பானுங்க."

"ரெண்டு."

"ரெண்டு வண்டியா?"

"ரெண்டு மூட்டை. அதுக்கு முந்தின வாரம், பூட்டு இருக்கு, சிப்பாய் இருக்கான்; பதினாலு குறைஞ்சுது. பூட்டுப் போட்டு வச்சாத்தான் திருடுவேன், தொறந்து போட்டா தொடமாட்டேன்னு சொல்ற திருடன் எவன்டா?"

ஐயாசாமி யோசித்தான். "மானஸ்தன்."

"இல்ல. திருடனே கிடையாது."

ஐயாசாமி புதுப் பூட்டையே பார்த்தான். அப்படியானால் தான் தின்ற சோறு எங்கிருந்து வந்தது? கேட்கவா முடியும்? நொண்டிக்கொண்டே பின்னால் நடந்தான்.

முன் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அதில் தகர டப்பா ஒன்று, மூங்கில் குச்சிகள் நிறைந்த கூடை ஒன்று. இந்தக் கிட்டங்கியில் கணக்கெல்லாம் குச்சிதான். தோட்டத்திலிருந்து ஆர்டர் வந்தால், இருபது மூட்டைக்கு இருபது குச்சியை எண்ணி எடுத்துக்கொண்டு மேஜைக்காரர் உட்காருவார். உள்ளே அடுக்குக்குப் பக்கத்தில் கிருஷ்ணம்மா நிற்பாள். ஒவ்வொரு மூட்டையும் பெண்களின் முதுகில் ஏறும்போது அவள் குரல் கொடுப்பாள். ஒரு குரலுக்கு ஒரு குச்சி டப்பாவில் விழும். கையில் குச்சி தீர்ந்ததும் மேஜைக்காரர் நிறுத்து என்று கத்துவார். அப்புறம் அந்தக் குச்சிகளைக் கத்தையாகக் கட்டிச் சுவரில் ஆணியில் மாட்டிவிடுவார். ஓர் ஆர்டருக்கு ஒரு கத்தை.

மேஜையிலிருந்து பின் கதவு தெரியாது. நடுவில் அடுக்குகள் மலை மாதிரி. எல்லாம் காதுக் கணக்குத்தான். வருஷக்கணக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா சபாபதி கிராணி. கண்ணை மூடிக்கொண்டே கணக்கை முடிப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மலேரியாவில் கண்ணை ஒரேயடியாக மூடிவிட்டார். அந்த நாற்காலியில் இப்போது ஒகாவா என்ற ஜப்பான் பையன். மேனேஜர் மசூதாவின் மச்சினன் மகனாம். மரியாதை தெரிந்த பையன், கொசுக்கடியால் முகமெல்லாம் வீங்கியிருந்தது.

சுவரில் கத்தைகள் வரிசையாகத் தொங்கின. சிவப்பு நூல் கட்டினது சபாபதி காலத்தது, சணல் கட்டினது ஒகாவா காலத்தது.

"சணல் கத்தைய எண்ணு" என்றார் வாலண்டைன்.

ஐயாசாமி விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனான். "நாப்பது."

"சரியாப் பார்த்தியா?"

"என்னங்கய்யா, கால்தான் குட்டை, கண்ணு ரெண்டும் நெட்டையாத்தான் இருக்கு. நாப்பதுதான்."

"வெள்ளத்து வாரத்துல எத்தனை ஆர்டர் போச்சு?"

"ரோடெல்லாம் தண்ணி, வண்டி எங்க வந்துச்சு? ரெண்டுதான் போச்சு, ரெண்டும் பெரிய ஆர்டர்." சொன்னவன் அப்படியே நின்றான். "ஐயா... குறைஞ்சதும் ரெண்டு!"

"முந்தின வாரம் சின்னச் சின்ன ஆர்டரா பதினாலு. குறைஞ்சது பதினாலு. பெருசா இருந்தாலும் சிறுசா இருந்தாலும் ஆர்டருக்கு ஒண்ணுதான் குறையுது. சபாபதி இருந்தவரைக்கும் ஒண்ணுமே குறையல." வாலண்டைன் உடைந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா நாப்பது கத்தைக்கு நாப்பதுதானே குறையணும்? நாப்பத்தொண்ணு எப்படி?"

ஐயாசாமி அடுக்குப் பக்கம் திரும்பிக்கொண்டான். "எலி, ஐயா" என்றான். "ஆறு மாசமா ஊர்ல இருக்கிற எலியெல்லாம் இங்கதான் குடியிருக்கு. பூனையும்கூட லாரியில ஏறிப் போயிடுச்சு."

வாலண்டைன் அவனை ஒரு தரம் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து வண்டிப்பேட்டையில் மாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. ஏதோ ஓர் எஸ்டேட் ஆர்டர். சிப்பாய் வந்து கிருஷ்ணம்மாவின் கட்டை அவிழ்த்துவிட்டான். சாயங்காலம் சாகப் போகிறவளாக இருந்தால் என்ன, குரல் கொடுக்க அவளை விட்டால் வேறு ஆள் இல்லையே! அவளும் கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போய் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஒகாவா குச்சிகளை எண்ணி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். வாலண்டைன் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

உள்ளே கிருஷ்ணம்மா முதல் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இழுத்துப் பாடுகிற மாதிரி குரல் கொடுத்தாள். "லா...பம்!"

பிறகு, "ரெண்டு!" பிறகு, "மூணு!"

ஐயாசாமிக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட குரல்தானே. வாலண்டைன் அவன் காலை மிதித்தார்.

"அங்க என்னடா பாக்கற? அவ வாயில ஒண்ணும் இல்ல. இவன் கையைப் பாரு."

வண்டி போனதும் இன்னோர் ஆர்டர் வந்தது. ஒகாவா மறுபடியும் குச்சியோடு உட்கார்ந்தான். 'லா...பம்!' என்று குரல் வந்தது. ஒகாவா எழுந்து நிற்காத குறையாகத் தலையைத் தாழ்த்தி ஒரு வணக்கம் வைத்தான். குச்சி கையிலேயே இருந்தது. 'ரெண்டு!' என்றதும் முதல் குச்சி டப்பாவில் விழுந்தது.

"அலாமாக்!" என்றான் ஐயாசாமி.

அரிசி அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்று சொல்லும் வழக்கம் நம் ஜனங்களுக்குக் கிடையாது. லாபம் என்று மங்களமாகத் தொடங்கி, ரெண்டு என்று போவார்கள். கணக்கு என்னவோ ஒன்றுதான். சபாபதிக்கு அது தெரியும். ஒகாவா பாவம், தமிழ் தெரியாதவன்; வேலை தொடங்குமுன் இந்தப் பொம்பிளை சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்து, மரியாதைக்குத் தானும் தலையைத் தாழ்த்தியிருக்கிறான். அவனுடைய குச்சி இருபது தீரும்போது, பின் கதவு வழியாக இருபத்தொன்று போயிருக்கும். எத்தனை மூட்டை ஆர்டர் என்று கிருஷ்ணம்மாவுக்குத் தெரியாது. அவளுக்கு நிறுத்து என்றால் நிறுத்த வேண்டியதுதான்.

"அப்ப வாங்கிட்டுப் போன தோட்டத்து கிராணிங்களுக்குத் தெரியாதா?" என்றான் ஐயாசாமி.

"தெரியும். ஒரு மூட்டை கூட வந்திருக்குன்னு திருப்பிக் கொடுக்க இந்தக் காலத்துல எவனுக்குப் பைத்தியம்? அத்தனை தோட்டமும் வாயை மூடிக்கிட்டுத் தின்னுருக்கு."

"அப்பாடா! வாங்க, மசூதாகிட்டச் சொல்லி அக்காவ வெளிய எடுப்போம்."

"என்னன்னு சொல்லுவே? உன் சொந்தக்காரப் பையனுக்கு எண்ணத் தெரியலேன்னா? அவன் தலைகுனிவானா, உன் தலைய எடுப்பானா?" வாலண்டைன் குரலைத் தாழ்த்தினார். "அப்படியே நம்பினாலும், அத்தனை தோட்டத்துக்கும் சிப்பாய அனுப்பி அரிசியக் கேப்பான். தின்ன அரிசிய எங்கேருந்து எடுத்துக் குடுப்பாங்க?"

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. லாரி வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கிருஷ்ணம்மா வேலையை முடித்துவிட்டு, தானே போய் அந்தச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து, கட்டுவதற்குக் கையை நீட்டினாள். அதைப் பார்த்ததும் தனக்கு அழுகை வரும் என்று ஐயாசாமி நினைத்தான். வரவில்லை. இந்த வருஷத்தில் அவனுக்கு எதற்குமே அழுகை வரவில்லை.

வாலண்டைன் மசூதாவின் அறைக்குப் போனார். இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கிவிட்டு மலாயில் பேசினார்.

"துவான், திருட்டு எப்படி நடக்கிறது என்று உங்கள் கண் முன்னால் காட்டுகிறேன். ஆனால் குச்சியை நீங்கள்தான் கையில் பிடிக்க வேண்டும். இந்தக் கிட்டங்கியில் வேறு யாரையும் நான் நம்பத் தயாராக இல்லை."

மசூதாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாளைக் கழற்றி மேஜையில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பத்து மூட்டை ஆர்டர் காத்திருந்தது. பத்துக் குச்சியைத் தானே இரண்டு தரம் எண்ணி எடுத்துக்கொண்டார். ஒகாவா, சிப்பாய்கள் இரண்டு பேர், வண்டிக்காரர்கள், மூட்டை தூக்குகிற பெண்கள் என்று ஒரு கும்பலே கூடிவிட்டது. அத்தனை பேரையும் கூட்டி நிறுத்தினது ஐயாசாமிதான். அது வாலண்டைன் உத்தரவு.

"கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், துவான். குரலுக்கு ஒரு குச்சி" என்றார் வாலண்டைன்.

"லா...பம்!"

மசூதா கண்ணை மூடித் தலையைத் தாழ்த்தினார்.

"ரெண்டு!"

டக். குச்சி விழுந்தது.

கடைசிக் குச்சி விழுந்ததும் மசூதா, "யமே!" என்று அதட்டினார். உள்ளே குரல் நின்றது. மசூதா திருப்தியாக எழுந்து, திருடனைக் காட்டு என்கிற மாதிரி வாலண்டைனைப் பார்த்தார்.

"வண்டியைப் பார்க்கலாம், துவான்."

எல்லாரும் பின் கதவுக்குப் போனார்கள். மசூதா வண்டியில் இருந்த மூட்டைகளை விரலால் எண்ணினார். முகம் மாறியது. இறக்கி வைத்து எண்ணச் சொன்னார். பிறகு தாமே ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினொன்று.

மாடு மட்டும் வாலை அடித்துக்கொண்டிருந்தது.

வாலண்டைன் மறுபடியும் குனிந்து வணங்கினார். "இப்போது ஒரு மூட்டை குறைந்துவிட்டது, துவான். பெயர் எழுத வேண்டும். யார் பெயரை எழுதட்டும்?"

மசூதா கழுத்து வரைக்கும் சிவந்தார். சுற்றிப் பார்த்தார். சிப்பாய்கள் வானத்தைப் பார்த்தார்கள். ஒகாவா காலைப் பார்த்தான். பக்கத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றவன் ஐயாசாமி.

பளார்!

"பாகேரோ!"

ஐயாசாமி விழுந்து எழுந்தான். காதுக்குள் 'ங்' என்றது. கன்னம் மரத்துவிட்டது. மசூதா திரும்பிப் பார்க்காமல் விறுவிறு என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒகாவா வெளியே வந்து உத்தரவைச் சொன்னான். வெள்ளத்தில் அடி வரிசை அழுகிப்போயிற்றாம். நாற்பத்தோரு மூட்டையையும் ஆற்றில் கொட்டியாயிற்றாம். நாளை முதல் குரல் கொடுப்பதெல்லாம் ஜப்பான் பாஷையில், இச்சி, நி, சான் என்றுதான் இருக்க வேண்டுமாம். வேறு எந்தச் சத்தமும் கேட்கக்கூடாதாம்.

லாரி வந்தது. டிரைவர் ஒகாவாவிடம் ஒரு சிகரெட் வாங்கிப் பற்ற வைத்துக்கொண்டு, காலி லாரியைத் திருப்பிக்கொண்டு போனான்.

கிட்டங்கித் தாழ்வாரத்தில் வாலண்டைன் உட்கார்ந்துவிட்டார். ஐயாசாமி கன்னத்தைத் தடவிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கெட்டிக்காரத்தனமெல்லாம் உங்களுக்கு, அறை மட்டும் எனக்கு. தோட்டத்துக்கு ஒரு மூட்டை கூடப் போச்சு, எனக்கு ஒரு அறை கூட வந்துச்சு" என்றான்.

வாலண்டைன் சிரிக்கவில்லை. "ஒரு பொம்பளையக் காப்பாத்திட்டோம். நாளையிலேருந்து எந்தத் தோட்டத்துக்கும் அந்தக் கூட ஒரு மூட்டை கிடையாது. நான் வந்து கண்டுபிடிக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் தின்னுருப்பாங்க." ஐயாசாமி பக்கம் திரும்பினார். "சரி. அந்த நாப்பத்தோராவது மூட்டையச் சொல்லு."

"எலி..."

"எலியப் பத்திப் பேசும்போது நீ என் மூஞ்சியப் பார்க்கலடா."

இனி மறைத்து என்ன? ஐயாசாமி எல்லாவற்றையும் சொன்னான். கிருஷ்ணம்மா ஆள் விட்டது, வெள்ளைச் சோறு, அகத்திக்கீரை, இரண்டு தரம் வாங்கித் தின்றது. "ஒரு மூட்டைய மறைச்சு வச்சு, மடியில கொஞ்சங் கொஞ்சமா எடுத்துட்டுப் போயிருப்பாங்க போல. நான் தின்னுட்டேன் ஐயா. எழுதிக்குங்க."

வாலண்டைன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தலைக்குக் குளிச்சிட்டு வரச் சொன்னாளா?"

"ஆமா. சோத்துக்கு இவ்வளவு மரியாதையான்னு நான்கூடத் தமாஷ் பண்ணேன்."

"சாப்பிட்டு எந்திரிச்சதும் 'வரேன்'னு சொல்லிட்டு வந்தியா?"

"சொல்ல எங்க விட்டாங்க? வாயத் தொறந்ததும், 'சொல்லாத, அப்படியே போ'ன்னு வெரட்டிட்டாங்க. எல்லாரையுந்தான். பயம்..."

சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு வார்த்தை பாதியில் நின்றது. வாலண்டைன் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனாலும் 'வரேன்' என்று சொல்லாமல் வருகிற வீடு எந்த வீடு என்று அவருக்கும் தெரியும். சாவு வீட்டிலிருந்தும் கருமாதிச் சாப்பாட்டிலிருந்தும்தான் அப்படி வருவார்கள்.

"சதாசிவம்..." என்றான் ஐயாசாமி. "சயாமுலேருந்து சேதி வந்திருக்கு. அக்கா யார்கிட்டயும் சொல்லல."

"ஆளில்லாம இலை ஏதாச்சும் போட்டிருந்தாளா?"

"சுவரோரமா போட்டிருந்துச்சு. யாருக்குக்கா, ஜப்பான்காரனுக்கான்னு நான்தான்..."

"எத்தனை இலை?"

வாலண்டைன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் கழித்து, "ரெண்டு" என்றான் ஐயாசாமி.

கிருஷ்ணம்மா குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐயாசாமி நொண்டிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றான்.

"எதுக்குக்கா எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன்னு சொன்னீங்க?"

"எடுத்தியான்னு கேட்டாங்க. ஒண்ணு எடுத்தது நெசந்தானே. எத்தனைன்னு எண்ணிச் சொல்லி என்ன ஆகப்போவுது." கால் விரலிடுக்கில் ஒட்டின உமியைத் தேய்த்துவிட்டாள். "எதுக்கு எடுத்தேன்னு தோண்டிக் கேட்டா, யாரு சேதி சொன்னான்னு கேப்பானுங்க. தப்பி வந்து சொன்னவன் இன்னும் லயத்துலதான் ஒளிஞ்சு கெடக்கான். அதான் இந்தப் பொட்டையும் அழிக்காம வச்சிருக்கேன்."

"அந்த ரெண்டாவது இலை..."

அவள் குழாயை மூடினாள். "வயிறு நெறஞ்சுதா தம்பி அன்னைக்கி?"

"நெறஞ்சுதுக்கா. ரெண்டு தரம் வாங்கித் தின்னேன்."

"அப்ப சரி. வேலுவுக்கும் நெறஞ்சிருக்கும். காலராவாம். ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் பொதைச்சாங்களாம். சொந்த அண்ணன் உக்காந்து சாப்புடாம அவனுக்குச் சோறு எறங்குமா? அதான் உனக்கு ஆள் விட்டேன். சொன்னா நீ தின்னிருக்க மாட்டே."

ஐயாசாமி நின்றான். ஏதாவது ஒரு தமாஷ் வாயில் வரும் என்று காத்திருந்தான். எப்போதும் வரும். இப்போது ஒன்றும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போன கன்னத்தில் கொசு ஒன்று உட்கார்ந்து கடித்தது, அதுகூடத் தெரியவில்லை. கிருஷ்ணம்மாதான் கையை நீட்டி அதை விரட்டிவிட்டாள்.

"இருட்டறதுக்குள்ள போ தம்பி."

திரும்பி இரண்டடி நடந்தவன், பழக்கத்தில் நின்று, 'வரேன்க்கா' என்று சொல்ல வாயைத் திறந்தான். கிருஷ்ணம்மா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வாயை மூடிக்கொண்டு, சொல்லாமலே நடந்தான்.